காற்று எங்கிருந்து வரும்?

பனிச்சறுக்குக்குக் காஷ்மீரில் குல்மார்க் போகிறேன், பனிச்சரிவுக்கு ஏர்பேக் வைத்த பை எது வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது விமான டிக்கெட்டைத்தான். எந்த விமானம், டெல்லியில் மாறுகிறார்களா, திரும்பும்போது என்ன ஏற்பாடு. பை கேட்க வந்தால் டிக்கெட்டைக் கேட்கிறாரே என்று வந்தவர் முழிப்பார். எத்தனை லிட்டர், என்ன எடை, எந்தக் கம்பெனி என்று ஒரு மாதம் உட்கார்ந்து படித்துவிட்டு வந்திருப்பார் பாவம். அதையெல்லாம் பிறகு பேசலாம். சென்னையிலிருந்து பனிக்குப் போகிறவருக்கு, அந்தப் பையின் பலூனை ஊதும் காற்று எங்கிருந்து வருகிறது என்பது தீர்ந்தால்தான் மற்றதைப் பேசவே முடியும்.

நான் பனிச்சறுக்கு வீரன் இல்லை, பை தைக்கிறவன். தி. நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் சித்தப்பா வைத்திருந்த பட்டறையில் தொழில் படித்தேன். பள்ளிக்கூடப் பை, மருந்துக் கம்பெனி ரெப்புகளின் தோல் பை, இதுதான் பிழைப்பு. மே மாதக் கடைசியில் இரவு பகல் தெரியாது. தொண்ணூறுகளில் வேறு மாதிரி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மயிலாப்பூர் வங்கி ஊழியர்கள், அடையாறு பக்கத்து ஐஐடி மாணவர்கள். யூத் ஹாஸ்டல் சங்கத்தின் இமயமலை ட்ரெக்கிங்குக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிப் போய், தோள்பட்டை கிழிந்த ரக்ஸாக்கோடு திரும்பி வருவார்கள். கிழிகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: பட்டை பையின் உடம்போடு சேர்கிற மூலை. துணி கிழியாது, தையல்தான் விடும். அந்த மூலையில் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டும் பார்டேக் தையலை ஒழுங்காகப் போட்டால் பை ஆளைவிட அதிக நாள் இருக்கும். எனக்குப் பெயர் வந்தது அந்தத் தையலால்தான்.

பிறகு பட்டறை மயிலாப்பூருக்கு மாறியது, கச்சேரி ரோடு பக்கம், மாடியில். கான்வாஸ் போய் நைலான் வந்தது, பித்தளைக் கொக்கி போய் பிளாஸ்டிக் பக்கிள் வந்தது. ஆட்களும் மாறினார்கள். ஆன்சைட் என்று சியாட்டில், டென்வர், மியூனிக், சூரிக் போன பிள்ளைகள் அங்கே ஸ்கீயும் ஸ்னோபோர்டும் பழகிக்கொண்டு வந்தார்கள். ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கிறுக்கு விடவில்லை. அவர்களுக்கென்றே குல்மார்க் இருந்தது. அங்கே கோண்டோலா கேபிள் காரின் முதல் கட்டம் 1998-லும் இரண்டாம் கட்டம் 2005-லும் திறந்தன. இரண்டாவது கட்டம் அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். மேல் நிலையத்துக்கு நேர் கீழே இருக்கும் கிண்ணம் போன்ற சரிவைப் பனிச்சறுக்குக் காவலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த எல்லைக்கு இடப்பக்கம், வலப்பக்கம் எங்கே போனாலும் மலை அவரவர் பொறுப்பு. பனி பொடியாக, யார் தடமும் இல்லாமல் கிடப்பது அங்கேதான் என்பதால் எல்லோருக்கும் அங்கேதான் போக வேண்டும்.

முதல் ஏர்பேக் பை என்னிடம் பழுதுபார்க்கத்தான் வந்தது. கொண்டுவந்த பையன் டென்வரில் வேலை பார்த்தவன். கால்களுக்கு நடுவே வந்து இடுப்புப் பட்டையில் மாட்டுகிற ஒரு பட்டை அதில் உண்டு. "தொந்தரவா இருக்கு சார், எடுத்துடுங்க. அடையாளம் தெரியாம பண்ணிக் கொடுங்க" என்றான். எதற்கு அந்தப் பட்டை என்று கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. "தெரியாததை நான் வெட்ட மாட்டேன் தம்பி, ரெண்டு நாள் கழிச்சு வா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளும் வேறு வேலை ஓடவில்லை. பிரித்துப் பார்த்தால், தோளுக்கு மேலே ஜிப்புக்குள் ஒரு பெரிய நைலான் பலூன் மடித்து வைத்திருக்கிறது, கொள்ளளவு சுமார் 150 லிட்டர். அடியில் ஒரு சிலிண்டர். தோள்பட்டையில் ஒரு கைப்பிடி. இழுத்தால் சிலிண்டர் திறந்து, மூன்று நான்கு நொடியில் பலூன் ஜிப்பைப் பிளந்துகொண்டு தலைக்குப் பின்னால் விரியும். பலூன் என்றதும் எல்லோரும் தண்ணீரில் மிதக்கிற மாதிரி பனியில் மிதக்கும் என்றுதான் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. மிக்ஸர் டப்பாவை நாலு குலுக்குக் குலுக்கித் திறந்து பாருங்கள், கடலை மேலே இருக்கும், ஓமப்பொடித் தூள் அடியில் இருக்கும். ஓடுகிற பனிச்சரிவும் குலுங்குகிற கட்டிகள்தான். அதற்குள் பெரிய பொருள் மேலே தள்ளப்படும். பலூன் ஆளைப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். சரிவு ஓடுகிறவரைதான் இந்தத் தள்ளல். நின்றுவிட்டால் பனி இறுகிவிடும். அதற்குப் பிறகு மேலிருந்து இன்னொரு சரிவு வந்து மூடினால் பலூன் ஒன்றும் செய்யாது.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தது. ஜெர்மனியின் பவேரியாவில் யோசெஃப் ஹோஹனெஸ்டர் என்று ஒரு வன அதிகாரி. வேட்டையாடிய விலங்கைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது சரிவில் மாட்டியும் மேலேயே கிடந்தார். உடம்பின் பருமன் கூடினால் புதைவதில்லை என்று அவருக்குப் பிடிபட்டது. அவருடைய காப்புரிமையை 1980-ல் பீட்டர் அஷாவர் என்பவர் வாங்கி, 1985-ல் ஏபிஎஸ் என்ற பெயரில் பையாக வெளியே கொண்டுவந்தார்.

கால்நடுப் பட்டைக்கும் விடை கிடைத்தது. பலூன் மேல்நோக்கி இழுக்கும்போது ஆள் அதே வேகத்தில் போக மாட்டார். அந்தப் பட்டை இல்லையென்றால் பை கைகளை உருவிக்கொண்டு தலை வழியாகக் கழன்றுவிடும். பையன் வந்தபோது பையை அவன் முதுகில் மாட்டி, பட்டையை விட்டுவிட்டு, பின்னாலிருந்து மேலே தூக்கினேன். பக்கிள் அவன் தாடையில் வந்து இடித்தது. மறு பேச்சு இல்லாமல் பட்டையோடு எடுத்துக்கொண்டு போனான். இன்றும் இதை ஒவ்வொருவருக்கும் செய்து காட்டுகிறேன்.

சிலிண்டருக்கு வருகிறேன். முதலில் வந்த பைகள் எல்லாமே அழுத்தக் காற்றோ நைட்ரஜனோ நிரப்பியவை. ஆர்கானும் கார்பன் டை ஆக்ஸைடும் அடைத்த, ஒருமுறை மட்டும் பயன்படுகிற சின்னக் குப்பிகளும் வந்தன. ஆல்ப்ஸில் இதெல்லாம் பிரச்சினையே இல்லை. காலிச் சிலிண்டரைக் கடையில் கொடுத்தால் நிரப்பினது கிடைக்கும். நமக்கு? சர்வதேச விமான விதிப்படி, தற்செயலாக இயங்கிவிடாதபடி கட்டி, ஆளுக்கு ஒரு பனிச்சரிவுப் பையை எடுத்துப் போகலாம். ஆனால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். கவுன்ட்டரில் நிற்கிற பெண்ணுக்கு அந்த விதி தெரிந்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சோதனை ஜவானுக்கும் தெரிந்திருக்க வேண்டும். போகும்போது விட்டார்கள் என்பதால் வரும்போதும் விடுவார்கள் என்றில்லை. ஸ்ரீநகரில் விமான நிலைய வாசலிலேயே மூட்டையெல்லாம் இறக்கிச் சோதனை, உள்ளே மறுபடி சோதனை. அங்கே போய் எக்ஸ்ரேயில் குண்டு மாதிரி தெரிகிற ஒரு பொருளுக்கு விதியைக் காட்டி வாதாட யாருக்குத் தெம்பு இருக்கிறது? மந்தைவெளியிலிருந்து போன ஒருவர் சிலிண்டரை அங்கேயே கொடுத்துவிட்டு வெறும் பையோடு வந்தார்.

காலியாக எடுத்துப்போய் அங்கே நிரப்பலாம் என்பார்கள். சில கம்பெனிச் சிலிண்டர்களை உயர் அழுத்தக் கம்ப்ரஸரில் திரும்ப நிரப்ப முடியும், அது உண்மை. 2,700 பிஎஸ்ஐ வேண்டும். நம் தெருமுனைப் பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் இதற்குப் பக்கத்திலேயே வராது, ஆனால் ஸ்கூபா டைவிங் தொட்டிகளை ஏறக்குறைய இந்த அழுத்தத்தில்தான் நிரப்புகிறார்கள். ஈசிஆர் பக்கம் ஒரு டைவிங்காரரிடம் நானே போய்க் கேட்டேன். சிலிண்டரை வாங்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் திருப்பிக் கொடுத்தார். "நாக்பூர் அனுமதி இருக்கா சார் இதுக்கு?" வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் தலைமையிடம் நாக்பூரில் இருக்கிறது. அவர்களுடைய ஒப்புதல் இல்லாத சிலிண்டரை இந்தியாவில் நிரப்பக் கூடாது என்பது விதி. அவர் செய்தது சரி. நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. சிலிண்டர் மீட்டர் வெயிலுக்கு ஒன்று காட்டும், குளிருக்கு ஒன்று காட்டும். 21 டிகிரியில் 2,700 காட்டுவது, மே மாதம் என் பட்டறையில் 2,800-ஐத் தாண்டும். அதே சிலிண்டர் மைனஸ் பத்தில் 2,400 சொச்சத்துக்கு இறங்கிவிடும். காற்று எங்கேயும் கசியவில்லை, குளிரில் அப்படித்தான். இது தெரியாமல் ஒருவர் குல்மார்க்கிலிருந்து ராத்திரி எனக்குப் போன் போட்டு, சிலிண்டர் ஓட்டை என்று சண்டைக்கு வந்தார்.

2014 வாக்கில் பேட்டரியும் மின்விசிறியும் வைத்த பை வந்தது. பிளாக் டயமண்டின் ஜெட்ஃபோர்ஸ். சிலிண்டரே கிடையாது, வெளிக்காற்றையே இழுத்து 200 லிட்டர் பலூனை ஊதும். மூன்று நிமிடம் கழித்துத் தானே காற்றை இறக்கிவிடும். புதைந்திருந்தால் முகத்தைச் சுற்றி மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்று. அடுத்த சில வருஷத்தில் லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்த ஆல்ப்ரைடு அமைப்பு வந்தது. அதைப் போன் சார்ஜரிலேயே ஏற்றலாம், குளிரில் பேட்டரி மாதிரி சோர்ந்து போகாது. விலை அதிகம்தான். எடையும் முதலில் அதிகமாக இருந்தது, இப்போது குறைந்துகொண்டு வருகிறது. ஆனால் எனக்கு விஷயம் எடையில் இல்லை. மின்சாரப் பையை எத்தனை முறை வேண்டுமானாலும் இழுத்துப் பார்க்கலாம். சிலிண்டர் பைக்காரர் ஒரு இழுப்புக்குச் செலவாகுமே என்று ஒருமுறைகூட இழுத்துப் பார்க்காமல் மலைக்குப் போவார்.

இழுத்துப் பார்க்காதவர் இழுக்க மாட்டார். இது என் ஊகம் இல்லை. பாஸ்கல் ஹெகெலி என்பவரும் கூட்டாளிகளும் பல நாட்டு விபத்துகளைச் சேர்த்து ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். கடுமையாக மாட்டியவர்களில், பலூன் விரியாதவர்கள் 22 சதவீதம் இறந்தார்கள், விரிந்தவர்கள் 11 சதவீதம். பாதி என்பது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பை மாட்டியிருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பலூன் விரியவே இல்லை. அதற்கு முக்கியக் காரணம் பையின் கோளாறு இல்லை, மாட்டியிருந்தவர் கைப்பிடியை இழுக்கவில்லை. கால் வழுக்குகிற அந்த நொடியில் மனிதன் கையை ஊன்றத்தான் பார்ப்பான், தோள்பட்டைக்குக் கொண்டுபோக மாட்டான். அதனால் என் பட்டறையில் ஒரு வழக்கம். தடிமனான பனிக் கையுறை போட்டு, தரையில் குப்புறப் படுத்து, மல்லாந்து, பக்கவாட்டில் உருண்டு, கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். சென்னை வெயிலில் மாடியில் இதைச் செய்தால் வேர்த்துக் கொட்டும். எதிர் வீட்டு அம்மா இன்றுவரை நான் ஏதோ யோகா வகுப்பு நடத்துகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இடதுகைப் பழக்கம் உள்ளவருக்குக் கைப்பிடியைப் பக்கம் மாற்ற முடிகிற பையாகப் பார்ப்பேன். ஸ்கீ போடுகிறவர் கம்புகளின் மணிக்கட்டு வாரைக் கழற்றிவிட்டுத்தான் சரிவில் இறங்க வேண்டும், இல்லையென்றால் கை தோளுக்கே வராது. ஸ்னோபோர்டுக்காரருக்குக் கம்பு இல்லாததால் கை காலி. ஆனால் ஸ்கீ கழன்றுகொள்கிற மாதிரி போர்டு காலை விட்டுக் கழலாது, நங்கூரம் போலக் கூடவே வரும்.

முதுகு நீளத்தை நம் ஆட்கள் பார்ப்பதே இல்லை. ஐரோப்பிய ஆணுக்குத் தைத்த பையை ஐந்தடி உயரப் பெண் மாட்டினால் இடுப்புப் பட்டை தொடையில் உட்காரும், கைப்பிடி காதோரம் போய்விடும். அளவு நாடா எடுத்துக் கழுத்துக்குப் பின்னால் துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பு மட்டம் வரை அளந்த பிறகுதான் பை பெயரையே சொல்வேன். கொள்ளளவுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். கோண்டோலாவில் ஏறி இறங்குகிறவருக்கு இருபது லிட்டர் சொச்சம் போதும். நடந்து ஏறி முகாம் போடுகிறவருக்கு முப்பதுக்கு மேல். ஸ்கீயையோ போர்டையோ பையில் கட்டினால் பலூன் திறக்கிற ஜிப்பை அது மறைக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2016 பிப்ரவரியில் ஒரு வாரம் என் பட்டறையில் வேறு பேச்சே இல்லை. சியாச்சினில் சோனம் முகாமில் பனி இடிந்து 19-ஆவது மெட்ராஸ் படைப்பிரிவின் 10 வீரர்கள் புதைந்தார்கள். நால்வர் நம் தமிழ்நாடு: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். ஆறு நாள் கழித்து 25 அடிக்குக் குறையாத ஆழத்திலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார், பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். ஒரு பத்திரிகைத் தம்பி என்னைத் தேடி வந்து, "இந்த பேக் அவங்ககிட்ட இருந்திருந்தா பொழைச்சிருப்பாங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். கூடாரத்தில் இருந்தவர்கள் மேல் பனிச்சுவரே இடிந்து விழுந்தால் பலூனுக்கு அங்கே வேலை இல்லை. ஓடுகிற சரிவில், திறந்த வெளியில், மாட்டுகிறவர் விழிப்போடு இருந்தால்தான் அதற்கு வேலை. கீழே மரங்களோ பாறையோ இருந்தால் அடிபட்டே இறப்பார்கள். கனடாவில் பனிச்சரிவில் இறந்தவர்களை ஆராய்ந்தபோது கிட்டத்தட்ட நாலில் ஒருவர் மூச்சுமுட்டி இறக்கவில்லை, அடிபட்டு இறந்திருந்தார். குறுகிய ஓடைப் பள்ளத்துக்குள் சரிவு கொண்டுபோய்க் கொட்டினால் பலூனோடு சேர்த்தே மூடிவிடும். அந்தத் தம்பிக்கு நான் சொன்னது செய்திக்கு உதவவில்லை போலிருக்கிறது, போடவில்லை.

அதனால்தான் ஏர்பேக் கேட்டு வருகிறவரிடம் டிக்கெட்டுக்கு அடுத்தபடியாகப் பீக்கன் இருக்கிறதா என்று கேட்கிறேன். 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பித் தேடுகிற கருவி. அதோடு குத்திப் பார்க்கிற நீளமான ப்ரோப், உலோக ஷவல். மூன்றும் அவரிடம் மட்டும் இருந்து பயனில்லை, கூடப் போகிறவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவர் தன்னைத் தானே தோண்டிக்கொள்ள முடியாதே. முதல் 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். குல்மார்க் காவலர்கள் கீழிருந்து வந்து சேர்வதற்குள் அந்த 15 நிமிடம் போய்விடும். 2023 பிப்ரவரி முதல் தேதி அஃபர்வத்தின் ஹபத்குத் பக்கம் சரிவு இறங்கி இரண்டு போலந்துக்காரர்கள் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் எனக்கு ஏர்பேக் கேட்டுப் போன் வரும். பீக்கன் கேட்டு ஒருவரும் பேசுவதில்லை.

வாங்கினதை இந்த ஊரில் வைத்துக் காப்பாற்றுவது தனிக் கஷ்டம். பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த பிளாட் இருக்கிறதே, அங்கே பரணில் பத்து மாதம் பை கிடந்தால் ஜிப்பின் இழுப்பான் பச்சை பூத்துவிடும். பலூன் துணியின் உட்பூச்சு உஷ்ணத்திலும் ஈரக் காற்றிலும் மெதுவாகப் பிசுபிசுக்கும், மடிப்பு மடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டின பலூன் மூன்று நொடியில் விரியாது. பரண் வேண்டாம், பீரோவின் நடுத்தட்டு. பிளாஸ்டிக் உறையில் மூட வேண்டாம், பழைய பருத்திப் புடவை போதும். அந்துருண்டை போடவே வேண்டாம், அந்த வாடை இமயமலை வரை கூடவே வரும். வருஷத்துக்கு இரண்டு முறை ஊதி, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் விரித்து வைத்து, தயாரிப்பாளர் சொன்ன வரிசையிலேயே மடிக்க வேண்டும். மொட்டை மாடி வெயில் ஆகாது. பேட்டரி வைத்த பை என்றால் முழு சார்ஜோடு வைக்கக் கூடாது, பாதியளவு போதும்.

பழைய பை வாங்குகிறவர்களும் வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பின அண்ணன் கொடுத்தது, அலுவலக நண்பர் விற்றது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 16716 என்ற எண் முத்திரையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தத் தரம் 2017-ல்தான் வந்தது, அதற்கு முந்தைய பையில் இருக்காது, அதனாலேயே அது மோசம் என்று சொல்ல மாட்டேன். ஊதி ஒரு மணி நேரம் விட்டுப் பார்ப்பேன். தோள் மூலைத் தையலை விரலால் தடவுவேன். யாராவது உள்ளூரில் பிரித்துத் தைத்திருந்தால் கைக்கு உடனே தெரிந்துவிடும்.

சில வருஷமாக மின்சாரப் பைகள் சிலவற்றை வாடகைக்கும் விடுகிறேன். வருஷத்துக்கு ஒரு வாரம் பனிக்குப் போகிறவர் லட்ச ரூபாய் பக்கம் போட்டு வாங்கிப் பீரோவில் வைப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. போன குளிர்காலத்துக்கு முன்னால் அடையாறு காந்தி நகரிலிருந்து கணவன் மனைவி வந்தார்கள், இரண்டு பேருமே டாக்டர்கள். ஒரு ஏர்பேக் வாங்கக் காசு இருந்தது, யாருக்கு வாங்குவது என்று வாசலிலேயே வாக்குவாதம். அந்தக் காசில் ஆளுக்கு ஒரு பீக்கன், ப்ரோப், ஷவல் எடுத்துக்கொள்ளுங்கள், மீதியில் குல்மார்க்கில் ஒரு வழிகாட்டியோடு இரண்டு நாள் தேடுதல் பயிற்சி எடுங்கள், பை இரண்டை வாடகைக்குக் கொண்டுபோங்கள் என்றேன். அந்த அம்மாவுக்கு மூன்று பை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தோம். மல்லாந்து படுத்து இழுப்பதில் அவர்தான் கெட்டிக்காரி. டாக்டர் சாருக்குக் கை தோளைத் தேடிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து பைகளைக் கொடுக்கும்போது, போன நாட்களில் பாதி மேல் கட்டம் மூடிக் கிடந்தது என்றார்கள். திறந்த அன்றும் வழிகாட்டி வேண்டாம் என்றதால் எல்லைக்கு உள்ளேயே ஓட்டியிருக்கிறார்கள். பலூன் திறக்கவே இல்லை. அந்த அம்மாவுக்குப் பை பிடித்துவிட்டது, அதே மாதிரி ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார். இந்த ஜனவரியில் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், தோள்பட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தைச்சுக் கொடுங்க, எனக்கு அகலமா இருக்கு" என்றார். ஏர்பேக் பையின் தோள் மூலையில் நான் ஊசி வைப்பதில்லை. பலூன் இழுக்கிற இழுப்பு முழுக்க அந்த மூலையில்தான் வந்து நிற்கும், கம்பெனிக்காரன் சோதித்துப் பார்த்த தையலை நான் பிரித்துப் போட்டால் அதற்குச் சோதனை கிடையாது. மார்புப் பட்டையை இரண்டு விரல் இறக்கி மாட்டச் சொன்னேன், சரியாக உட்கார்ந்தது. இடுப்புப் பட்டையின் வால் மட்டும் நீளமாகத் தொங்கி லிஃப்ட் நாற்காலியில் மாட்டும்போலிருந்தது. அதை மடித்துச் சொருக ஒரு எலாஸ்டிக் வளையம் போட்டுக் கொடுத்தேன். முப்பது ரூபாய் வாங்கினேன்.